புதுக் காரில் ஆபத்தான பழுதா? விற்பனைத் திகதியைப் பாருங்கள்

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது. கையிலிருந்த சேமிப்பு, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பியது, மிச்சத்துக்கு லீசிங் என்று சேர்த்துத்தான் யாழ்ப்பாணத்தில் பலர் புதுக் கார் எடுக்கிறார்கள். அந்தக் காரில் பிறேக் பிடிக்கவில்லை, ஓடும்போதே எஞ்சின் நிற்கிறது, ஸ்டியரிங் இறுகுகிறது என்றால் முதலில் ஷோரூமுக்குத்தான் போன் எடுப்போம். "கொண்டு வாங்கோ, பாப்பம்" என்பார்கள். விடுவது, எடுப்பது, திரும்பவும் அதே பழுது என்று வாரங்கள் ஓடும். பலருடைய உரிமை கைநழுவுவது இந்த வாரங்களில்தான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, விற்றவர் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் அதிகார சபையிடம் எழுத்தில் முறைப்பாடு செய்ய இடம் தருகிறது. ஆனால் விற்பனை நடந்த திகதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். பழுது தெரிந்த நாளையோ கராஜில் விட்ட நாளையோ வைத்துக் கணக்கில்லை. ஆகவே ஷோரூம் திருத்திக்கொண்டிருக்கும்போதே முறைப்பாட்டையும் கொடுத்துவிடுங்கள். நல்ல மனிதர்களோடு ஏன் பகை என்று தயங்க வேண்டாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் போகும் வண்டி இது.

முறைப்பாடு வந்தால் அதிகார சபை விசாரணை வைக்கும், விற்றவருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கும். உங்கள் பக்கம் நியாயம் என்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். இந்த மூன்றில் எது வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே கேளுங்கள். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால், இன்னொரு தடவை திருத்திக் கொடுப்பதோடு விஷயம் ஓய்ந்துவிடும்.

கடிதத்தின் பலமெல்லாம் விபரத்தில்தான். "பிறேக் சரியில்லை" என்று எழுதினால், பரிசோதித்தோம், பிழையில்லை என்று ஒரு வரியில் பதில் வரும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்ன திகதி காலை, கைதடிச் சந்திக்குக் கிட்ட, 50 கிலோமீற்றர் வேகத்தில் பிறேக்கை மிதித்தபோது பெடல் தரைமட்டும் போனது, வண்டி நிற்கவில்லை. மீற்றரில் 1,840 கிலோமீற்றர். டாஷ்போர்டில் சிவப்பு பிறேக் விளக்கு எரிந்தது." இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்வது கஷ்டம். விளக்கு எரிவதைப் பக்கத்தில் இருப்பவர் போனில் வீடியோ எடுக்கட்டும், ஓட்டுபவர் எடுக்கக் கூடாது.

வண்டியைத் திருத்த விடும்போது பழுதைப் பதிந்து கையெழுத்து வாங்கும் தாள்தான் ஜொப் கார்ட். அதன் பிரதியை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் சொன்ன பழுது அதில் நீங்கள் சொன்னபடியே இருக்கிறதா என்று கையெழுத்து வைக்கமுன் வாசியுங்கள். உயிராபத்தான பிறேக் பழுதை 'பொதுப் பரிசோதனை' என்று பதிந்துவிட்டால் பிறகு நிரூபிக்கப் படாத பாடு படவேண்டும். ஒன்றும் பிழையில்லை என்று திருப்பித் தந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். கம்பியூட்டர் ஸ்கேன் செய்திருந்தால் அந்தப் பிரிண்டையும் கேளுங்கள்.

பழுது ஆபத்தானது என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏற்றிச் செல்லும் லொறியில் கொண்டுபோங்கள், அந்தச் செலவின் பற்றுச்சீட்டும் முறைப்பாட்டோடு போகட்டும். விபத்தே நடந்துவிட்டால் பொலிஸுக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் உடனே அறிவியுங்கள். மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்து முடியும்வரை ஷோரூம் ஆட்கள் எந்தப் பாகத்தையும் கழற்ற விடாதீர்கள்.

முறைப்பாட்டை எங்கே கொடுப்பது? யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அதிகார சபையின் மாவட்டப் பிரிவு இருக்கிறது. தலைமை அலுவலகம் கொழும்பு 2, வோக்ஸோல் வீதியில். துரித இலக்கம் 1977. போனில் சொன்னதோடு நிற்காமல் கடிதமும் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விலைப்பட்டியல், வொறன்டிப் புத்தகம், வாகனப் பதிவுச் சான்றிதழ், ஜொப் கார்டுகள் எல்லாவற்றிலும் போட்டோப் பிரதிதான் போகவேண்டும், மூலம் உங்களிடமே இருக்கட்டும். கடிதத்தைத் தமிழில் எழுதலாம். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத ஆள் தேடி நாளைக் கடத்த வேண்டாம்.

யாரிடம் வாங்கினீர்கள் என்பதும் முக்கியம். உற்பத்திக் கம்பனியின் ஏஜென்டிடம் வாங்கினால் கம்பனி வொறன்டி உண்டு. தனியாக இறக்குமதி செய்தவரிடம் வாங்கிய புதுக் காருக்கு, அது நாங்கள் விற்றதல்ல என்று ஏஜென்ட் கைவிரிக்கக்கூடும். அப்படியானாலும் பற்றுச்சீட்டுத் தந்த வியாபாரி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது, முறைப்பாடு அவர் பெயரில் போகும்.

மூன்று மாதம் கடந்தவர்கள் மனம் விட வேண்டாம். வொறன்டிக் காலம் இருந்தால் அது அப்படியே செல்லும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் இருக்கிறது, அதற்கு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

லீசிங்கில் எடுத்த கார் என்றால் முறைப்பாட்டின் பிரதியை லீசிங் கம்பனிக்கும் அனுப்புங்கள். கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அவர்கள் வண்டியைத் தூக்குவார்கள், பழுதுக்குச் சாட்சியான காரும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.