மனசு சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

"மனசு கொஞ்சம் சரியாகட்டுங்க மேடம், அப்புறம் வாக்கிங் ஆரம்பிச்சுக்கறேன்." திருப்பூரில் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். கேட்க நியாயமாகவே இருக்கும். காய்ச்சல் விட்ட பிறகுதானே வேலைக்குப் போகிறோம்?

மனச்சோர்வில் இந்த வரிசை செல்லாது. சோர்வு வந்ததும் வெளியே போவது குறைகிறது. நாலு பேரைப் பார்ப்பதும், ஒரு வேலையை முடித்த திருப்தியும் நின்றுபோகின்றன. அதனால் சோர்வு இன்னும் கூடுகிறது. இந்தச் சுற்றை மனதின் பக்கமிருந்து உடைக்கப் பார்த்தால் மாதக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். செயலின் பக்கமிருந்து உடைத்தால் வழி கிடைக்கிறது. மனசு வரட்டும் என்று காத்திருக்காமல் செயலை முதலில் தொடங்க வைக்கும் இந்தச் சிகிச்சை முறைக்கு பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர்.

இது வெளிநாட்டுச் சரக்கு, நமக்குச் சரிப்படாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். 6 முதல் 8 அமர்வுகள்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த முடிவு இது.

நடைமுறையில் எப்படி? ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். கட்டிங் மாஸ்டர், ஐம்பதைத் தாண்டியவர். ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடியதில் வீட்டோடு முடங்கிவிட்டார். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, மணிக்கு மணி என்ன செய்கிறார், அப்போது மனசுக்கு பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதி வரச் சொன்னேன். அடுத்த வாரம் கொண்டு வந்தார். 'படுத்திருந்தேன் – 1', 'டிவி – 1', 'படுத்திருந்தேன் – 0' என்று பக்கம் பக்கமாக. சாயங்காலம் நாலு மணி வரியில் மட்டும் 'பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்தேன் – 4'. ஐந்து நாளும் அப்படியே.

"இதென்னங்கய்யா, இங்க மட்டும் நாலு போட்டிருக்கீங்க?"

"சும்மா கூட்டிட்டு வந்தனுங்க மேடம். அதுல என்ன இருக்குது?"

அதில்தான் எல்லாமே இருந்தது. பேத்தியைக் காலையில் கொண்டுபோய் விடும் வேலையையும் அவரிடமே ஒப்படைக்கச் சொன்னோம். எந்த மனநிலையில் இருந்தாலும் ஸ்கூல் நேரம் மாறாது. மனசைக் கேட்டுக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது. அவருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்துதான் அவரை நிமிர்த்தின.

ஸ்கூலுக்குப் போக வேண்டுமென்பதால் அவருக்கு இன்னொன்றும் தானாக அமைந்தது: தினமும் ஒரே நேரத்தில் எழுவது. தூக்கம் கெட்டவர்கள் எல்லோரும் படுக்கும் நேரத்தைச் சரிசெய்யப் போராடுகிறார்கள். தூக்கத்தை வரவழைப்பது நம் கையில் இல்லை. எழுவது ஓரளவு நம் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே நேரம் எழுந்து, அரை மணிக்குள் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ வந்துவிடுங்கள். மேகமூட்டமான காலையில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் டியூப் லைட் போட்ட அறையைவிடப் பல மடங்கு அதிகம். கண்ணில் படும் அந்த வெளிச்சம்தான் மூளையில் உள்ள கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. அதற்காக நாலு மணிக்கு எழுந்தால்தான் வெற்றி என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஏழு மணி என்றால் ஏழு மணி. தினமும் அதே ஏழாக இருக்கட்டும். நைட் ஷிப்ட் போகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்கள் பகல் தூக்க நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஜன்னலை இருட்டாக்கிப் படுக்கலாம்.

காபி, டீ: காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் காபி ராத்திரி பதினொன்றுக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள். போனைத் தலைமாட்டில் வைக்காமல் அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள்; அலாரத்துக்கு ஒரு பழைய டைம்பீஸ் போதும்.

பெண்கள் என்னிடம் சொல்வது வேறு. "எனக்குன்னு ஏதுங்க நேரம்?" ஸ்பா, வாசனை மெழுகுவத்தி என்று விளம்பரங்கள் சொல்லும் சுய கவனிப்பு அவர்களுக்கு ஆடம்பரமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. நான் அவர்களிடம் முதலில் கேட்பது, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று. பதினொன்று, பதினொன்றரை என்று பதில் வரும், அதுவும் நின்றுகொண்டே. எல்லோரையும் அனுப்பிவிட்டு, மிச்சமிருந்தால் சாப்பிடுவது. எட்டரைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதை முதல் வாரத்து வேலையாகக் கொடுப்பேன். வீட்டுக்காரரையும் கூட்டி வரச் சொல்லி அவரிடமும் இதைச் சொல்வேன். ஏனென்றால் இது அந்தப் பெண் மட்டும் மாற்றக்கூடிய பழக்கம் அல்ல.

பழக்கங்கள் எதற்குப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பரிசோதிக்கச் சொல்வார்கள். இவை குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், நடைப்பயிற்சியில் தெம்பு வந்துவிட்டதென்று தாங்களாக நிறுத்தக் கூடாது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.