வகுப்பறையைத் திறந்துவிட்டால் பங்கு கொடுத்ததாகாது

கலிஃபோர்னியாவில் நகராட்சியும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டும் (அந்தப் பகுதிப் பள்ளிகளின் நிர்வாகம்) சேர்ந்து ஆஃப்டர் ஸ்கூல், அதாவது பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி, நடத்தப் போட்ட பட்ஜெட் ஒன்று மறுபடி வந்திருக்கிறது. உள்ளூர்ப் பங்கு என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: "பள்ளிக் கட்டட வாடகை மதிப்பு". இதை இன்னும் எத்தனை முறைதான் திருப்பி அனுப்புவது?

2002-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபசிஷன் 49-இன் பலத்தில் வரும் பணம் ஏஎஸ்இஎஸ் மானியம்; ஆஃப்டர் ஸ்கூலுக்கு மாநிலம் தருவது. அதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஈடாக உள்ளூரில் போட வேண்டும்; ஈடு, உள்ளூர்ப் பங்கு என்பதெல்லாம் இதுதான். பணமாகவும் போடலாம், ஆளாகவும் பொருளாகவும் போடலாம். ஆனால் இடத்தின் மதிப்பு அந்த ஈட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈட்டில், ஐயா. மானியத்தில் அல்ல!

தொடக்கப் பள்ளிக்கு அன்று வைத்த உச்சவரம்பையே எடுத்துக்கொள்வோம்: 1,12,500 டாலர். ஈடு 37,500. அதில் கட்டடம் என்று காட்டக்கூடியது 9,375 மட்டும். 25 சதவீதத்தை மானியத்தின் மேல் போடுகிறவர்களுக்கு 28,125 வருகிறது. வேறு வழியில் திரட்ட வேண்டிய மிச்சத் தொகையும் அதே 28,125 தான்! உச்சவரம்பு பிறகு உயர்ந்தது, விகிதம் மாறவில்லை.

அந்த மிச்சம் எங்கிருந்து வரும்? பூங்காத் துறை அனுப்பும் பயிற்சியாளரின் சம்பளம், பேருந்து, மாலைச் சிற்றுண்டி. எதைக் காட்டினாலும் நேரப் பதிவும் கையெழுத்தும் அந்தந்த வாரமே வாங்கி வையுங்கள். பள்ளி ஆண்டு முடியும் ஜூன் மாதம் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய தாளைத் தணிக்கையாளர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். ஒரே ஆளின் சம்பளத்தை இரண்டு மானியங்களுக்கு ஈடாகக் காட்டுவதும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

பள்ளி விட்டதும் தொடங்கி மாலை 6 மணி வரையாவது நடக்க வேண்டும், வாரம் 15 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. 6 மணிக்கு மேல் கூட்டிப் பெருக்குபவருக்கும் கதவு பூட்டுபவருக்கும் ஓவர்டைம் யார் தருவது என்பதுதான் பல ஒப்பந்தங்களில் காணோம். அக்டோபரில் சண்டை வருவது அங்கேதான். கையெழுத்துக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கே பிள்ளையைக் கூட்டிப் போகும் பெற்றோருக்கும் எழுத்தில் ஒரு விதி வேண்டும். வருகைக் கணக்கு சரிந்தால் மானியம் குறையும்.

இன்னொன்று. ஒருமுறை வரும் பணத்தில் நிரந்தர ஆள் போடாதீர்கள். பள்ளிகளுக்கான கோவிட் நிவாரணத்தின் கடைசித் தவணைக்கு 2024 செப்டம்பர் 30 கெடு என்பது முன்பே தெரிந்ததுதான். தெரிந்தும் பலர் அதை நம்பி ஆள் எடுத்தார்கள். நிலையான பணத்துக்கு வழி இருக்கிறது: சான் ஃபிரான்சிஸ்கோ 1991-லும் ஓக்லண்ட் 1996-லும் நகர வருவாயில் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்கென்று வாக்கெடுப்பு மூலமே கட்டிவைத்தன. உங்கள் ஊர் நகரமன்றத்தில் பட்ஜெட் கூட்டம் எப்போது என்று முதலில் பாருங்கள். டிஸ்ட்ரிக்ட் ஆட்களும் அன்று அங்கே இருக்கட்டும்.