நொடிக்கு 7 மில்லிமீட்டர்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பூமி சூடானால் கடல்நீர் அதிகம் ஆவியாகும். ஆவி கூடினால் மேகம் கூடும், மேகம் வெயிலை மறைக்கும். அப்படியென்றால் பூமி தானாகவே குளிர்ந்துவிடாதா?"

அருமையான கேள்வி. ஆனால் ஆவி கூடினாலே மேகம் கூடிவிடாது. காற்று சூடாகச் சூடாக, அது தாங்கக்கூடிய ஆவியின் அளவும் கூடும், பள்ளியில் படித்ததுதான். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி 1.5 முதல் 4.5 டிகிரி வரை சூடாகும் என்று 1979இல் அமெரிக்க வானிலை அறிஞர் ஜூல் சார்னியின் குழு சொன்னது. இவ்வளவு பெரிய இடைவெளி அடுத்த நாற்பது வருடம் பெரிதாகச் சுருங்கவில்லை. அதற்கு முக்கியக் காரணம் கடல்மேல் தாழ மிதக்கும் சின்னச் சின்ன மேகங்கள்.

வியாபாரக் காற்று, அதாவது கிழக்கிலிருந்து ஓயாமல் வரும் காற்று, வீசும் வெப்பக் கடல்களில் எங்கு பார்த்தாலும் இந்தத் திரள் மேகங்கள்தான். அடிப்பாகம் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும். கீழே கருநீலக் கடல், மேலே வெள்ளைப் பஞ்சு. வெயிலைத் திருப்பி அனுப்ப இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் சில மாதிரிகள் ஒரு பயத்தைக் கிளப்பின. கடல் சூடானால் மேகங்கள் கீழிருந்து ஈரத்தை இன்னும் வேகமாக மேலே இறைக்கும், பதிலுக்கு மேலிருக்கும் வறண்ட காற்று கீழே கலக்கும், மேகத்தின் அடிப்பகுதி உலர்ந்துபோகும், மேகம் குறையும், வெயில் இன்னும் கடலைச் சுடும். இது உண்மையா? கடலுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போனார்கள். 2020 ஜனவரி, பிப்ரவரியில், அட்லாண்டிக் கடலில் பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே, நான்கு ஆய்வுக் கப்பல்கள், நான்கு ஆய்வு விமானங்களோடு. பிரான்சின் சாந்த்ரீன் போனியும் ஜெர்மனியில் பணிபுரியும் பியோர்ன் ஸ்டீவன்ஸும் முன்னின்று நடத்திய இந்த ஆய்வுக்கு யுரேகா என்று பெயர்.

காற்று எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. காற்றோ பக்கவாட்டில் நொடிக்குப் பத்து மீட்டர் போல ஓடுகிறது. ஒரு பெரும் பரப்பில் அது சராசரியாக இறங்குவது நொடிக்கு ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. இதை நேரடியாக அளக்க எந்தக் கருவியாலும் முடியாது. அதற்கு அவர்கள் பிடித்த வழிதான் என்னை மயக்கியது.

ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் வரும் தண்ணீரைவிட மதகு வழியே போகும் தண்ணீர் அதிகம், ஆனாலும் மட்டம் இறங்கவில்லை. அப்படியானால் அடியில் ஊற்று இருக்கிறது. ஊற்றைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, கரையைச் சுற்றி அளந்தால் போதும்.

ஹாலோ என்ற ஜெர்மன் விமானம் ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கரையைச் சுற்றியது. சுமார் 220 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டம், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிராப்சோண்டு கீழே விழும். முழங்கையைவிடக் குட்டையான ஓர் உருளை. உள்ளே வெப்பம், ஈரம், அழுத்தம் பார்க்கும் உணரிகள், ஜிபிஎஸ், தலையில் சின்னப் பாராசூட். பத்துப் பன்னிரண்டு நிமிடம் காற்று இழுத்த பக்கமெல்லாம் அசைந்தபடி இறங்கி, கடைசியில் கடலில் விழுந்து முடிந்துபோகும். அது அசைந்த திசையும் வேகமும்தான் அந்தந்த உயரத்தின் காற்று.

இனி கணக்கு. கடலிலிருந்து 800 மீட்டர் உயரம் வரை, வட்டத்தின் விளிம்பெங்கும் காற்று சராசரியாக நொடிக்கு அரை மீட்டர் வெளியேறுகிறது என்று வையுங்கள். விளிம்பின் நீளம் 690 கிலோமீட்டர். வெளியே போன அத்தனை காற்றையும் மேலிருந்து இறங்கும் காற்றுதான் ஈடுகட்ட வேண்டும். அதை வட்டத்தின் பரப்பால் வகுத்தால் நொடிக்கு 7 மில்லிமீட்டர். எறும்பு இதைவிட வேகமாக ஊரும். ஆனால் ஒரு நாள் முழுக்க இப்படியே இறங்கினால் 600 மீட்டர்! குளத்து ஊற்று இங்கே தலைக்கு மேலே இருக்கிறது.

அதே நேரத்தில் இன்னொரு விமானம், பிரான்சின் ஏடிஆர், வட்டத்துக்குள்ளே மேகத்தின் அடிமட்டத்தில் பறந்தது. அதன் லைடாரும் (லேசர் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் கருவி) ரேடாரும் கீழேயோ மேலேயோ பார்க்காமல் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் பார்த்தன. அடிமட்டத்தில் எவ்வளவு பரப்பு மேகம் என்று இப்படித்தான் தெரிந்தது.

2022 நவம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ரஃபேலா ஃபோகெலின் குழு இந்த அளவீடுகளின் முடிவை வெளியிட்டது. காற்று அதிகம் கலந்த நேரத்தில் மேகம் குறையவில்லை, கூடியிருந்தது! இருநூறு கிலோமீட்டர் அளவில் காற்று மெல்ல எழும் இடத்தில் கலப்பும் கூடுகிறது, ஈரமும் கூடுகிறது. உலர்த்தும் விளைவை அது அமுக்கிவிடுகிறது. அதனால் இந்த மேகங்கள் வெப்பத்தைக் கண்டபடி ஏற்றிவிடும் என்று காட்டிய மாதிரிகளை நம்புவது கடினமாகிவிட்டது. வாசகருக்கும் அதே பதில்தான்: இந்த மேகங்கள் பயந்த அளவுக்கு நம்மைக் கைவிடாது, ஆனால் காப்பாற்றவும் செய்யாது.

"மேகம் பார்க்கவா இத்தனை கப்பல், இத்தனை விமானம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிடிவாதம். நல்ல மேகம் தேடி விமானம் ஓடவில்லை. மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றியது. வெறும் வானத்தின் மேலும் கருவியை வீசினார்கள். அந்தச் செலவை வீண் என்று வெட்டியிருந்தால், கிடைத்த எண்ணை நம்பவே முடியாது. இப்படிப்பட்ட செலவுக்கு அரசுகள் தயங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2024 ஆகஸ்டில் ஹாலோ மீண்டும் அட்லாண்டிக்குக்குப் போனது. முதலில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டி தீவுகளிலிருந்து, அப்புறம் பார்படோஸிலிருந்து. இந்த முறை உயரமான மழைமேகங்கள். வட்டமடிக்கும் முறை மட்டும் அதேதான்.