தோசைக்கல்லுல ஒரு சொட்டு, சேஸியில ஒரு ஓட்டை

போன வாரம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்லேர்ந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தாரு. ஜொகூர்ல அவங்க மாமாவோட ஷெட்ல ரொம்ப வருஷமா சும்மா நின்ன லேண்ட் ரோவர், சீரிஸ் 3, அதை இவர்கிட்டயே கொடுத்துட்டாங்களாம், வார இறுதியில பாலம் தாண்டிப் போய் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிட்டிருக்காரு, இதுக்கு முன்னாடி டயர்கூட மாத்தினதில்லையாம். "அண்ணே, மேல பாடி நல்லாருக்கு, வண்டியைத் தாங்குற அடிச்சட்டமான சேஸியும் வெளிய பார்த்தா லேசான துருதான், ஆனா ஸ்க்ரூடிரைவரால குத்தினா பொசுக்குன்னு உள்ள போயிடுது. காத்து படுற வெளிப்பக்கத்தைவிட மூடிக்கிடக்கிற உள்பக்கம் எப்படி அதிகமா அரிச்சிருக்கு? துருப்பிடிக்க ஆக்ஸிஜன் வேணும்னுதானே ஸ்கூல்ல படிச்சோம்?"

இருபது வருஷம் கப்பல் பட்டறையில இரும்போட மல்லுக்கட்டினவன் நான், இந்தக் கேள்வியைப் படிச்சதும் அவ்ளோ சந்தோஷமாயிடுச்சு, ஏன்னா தம்பி கேட்டது சரியான இடம்.

பாடி விஷயத்தை முதல்ல முடிச்சுடலாம். லேண்ட் ரோவர் முதல்ல வெளிவந்தது 1948 ஏப்ரல்ல, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில. போர் முடிஞ்ச நேரம், பிரிட்டன்ல எஃகுக்குப் பஞ்சம், அதனால பாடிக்கு அலுமினியக் கலவைத் தகடு போட்டாங்க. அலுமினியமும் ஆக்ஸிஜனோட சேரும், ஆனா அது உண்டாக்குற ஆக்ஸைடு தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு உள்ள இருக்கிறதைக் காப்பாத்திடும். இரும்புத் துரு அப்படி இல்ல, கரைஞ்சு போன இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைச்சுக்கிட்டு உப்பி, செதில் செதிலா உதிர்ந்து, அடுத்த அடுக்கைத் திறந்து விட்டுடும். வண்டியோட சேஸியும் டேஷ்போர்டுக்கு முன்னாடி இருக்கிற தடுப்புச் சுவரான பல்க்ஹெட்டும் எஃகு, கஷ்டம் எல்லாம் அங்கதான்.

இப்ப அசல் விஷயத்துக்கு வரேன். தேக்காவுல புதுசா ஒரு இரும்பு தோசைக்கல் வாங்கி, நல்லா தேய்ச்சுக் கழுவி, ஒரு சொட்டு தண்ணியோட அப்படியே விட்டுட்டீங்கன்னா காலையில என்ன தெரியும்? நடுவுல புள்ளி இல்ல, வளையம். நம்பலைன்னா ஒரு சாதா இரும்புத் தகடை மணல் காகிதத்தால பளபளன்னு தேய்ச்சு, துளி உப்புத்தண்ணி ஒரு சொட்டு வெச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரம் பாருங்க. எவர்சில்வர் வேண்டாம், அது துருப்பிடிக்காது.

இந்தச் சொட்டைத்தான் 1920கள்ல கேம்பிரிட்ஜ்ல யூலிக் எவன்ஸ்னு ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தாரு. சொட்டுக்குள்ள நிறம் மாறுற ரெண்டு ரசாயனம் கலந்தாரு, ஒண்ணு இரும்பு கரையிற இடத்துல நீலமாகும், இன்னொண்ணு காரம் உண்டாகுற இடத்துல இளஞ்சிவப்பாகும். கொஞ்ச நேரத்துல சொட்டோட நடு நீலமாச்சு, ஓரம் இளஞ்சிவப்பாச்சு. ஒரே சொட்டு, ஒரே இரும்பு, ஆனா ரெண்டு இடத்துல ரெண்டு வேலை!

ஏன் அப்படின்னா, சொட்டோட ஓரத்துல தண்ணி மெல்லிசு, காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் சட்டுனு இரும்பைத் தொட்டுடும். நடுவுல தண்ணி கனமா இருக்கு, இருந்த ஆக்ஸிஜன் தீர்ந்துடுச்சுன்னா புதுசு வந்து சேர நேரமாகும். ஆக்ஸிஜனுக்கு எலக்ட்ரான் வேணும், ஓரத்துல அது எலக்ட்ரானை வாங்கிக்கிட்டே இருக்கு, தண்ணியோட சேர்ந்து ஹைட்ராக்சைடா, அதாவது காரமா மாறிடுது. அந்த எலக்ட்ரானைக் கொடுக்கிறது யாருன்னா நடுவுல இருக்கிற இரும்பு, அது எலக்ட்ரானை உலோகம் வழியா ஓரத்துக்கு அனுப்பிட்டு, தானே அயனா, அதாவது எலக்ட்ரானை இழந்த அணுவா, தண்ணிக்குள்ள கரைஞ்சு போயிடுது. கம்பி இல்லாம, பெட்டி இல்லாம, ஒரு சொட்டுத் தண்ணிக்குள்ள ஒரு முழு பேட்டரி ஓடுது. நடுவுலேர்ந்து கிளம்பின இரும்பு அயனும் ஓரத்துலேர்ந்து கிளம்பின ஹைட்ராக்சைடும் பாதி வழியில சந்திச்சு, அங்க இன்னும் கொஞ்சம் ஆக்ஸிஜனையும் சேர்த்துக்கிட்டு பழுப்பாப் படியுது. அதான் அந்த வளையம்.

அப்ப துரு தெரியிற இடம் வேற, இரும்பு காணாமப் போற இடம் வேற. ஆக்ஸிஜன் வேணும்னு ஸ்கூல்ல சொன்னது சரிதான், ஆனா ஆக்ஸிஜன் நிறைய இருக்கிற இடம் தப்பிச்சுக்குது, அதுக்குப் பக்கத்துல ஆக்ஸிஜன் கம்மியா இருக்கிற இடம்தான் கரையுது. எத்தனை தடவை நினைச்சாலும் எனக்கு இது அலுக்கவே இல்ல.

தம்பியோட சேஸி உள்ள காலியா இருக்கிற பெட்டி, தகடுகளைச் சேர்த்து வெல்டிங் பண்ணது. அதோட அடியில வருஷக்கணக்கா சேர்ந்த சேறு ஈரமா கிடக்கு. சேத்துக்கு அடியில ஆக்ஸிஜன் போகாது, அது சொட்டோட நடு. சேத்துக்கு மேல ஈரமான சுவர், அங்க காத்து இருக்கு, அது ஓரம். இதுல உப்பு வேற சேர்ந்துச்சுன்னா, கரையிற இடத்துல சேருற இரும்பு அயன்களை ஈடுகட்ட உப்புல இருக்கிற குளோரைடு அந்தப் பக்கமா நகர்ந்து வரும், அந்தப் பள்ளத்துல தண்ணி அமிலமாகும், அரிப்பு தன்னைத்தானே வேகப்படுத்திக்கும். காத்துல ஈரப்பதம் சுமார் 60 சதவீதம் தாண்டினாலே இரும்புக்கு ஆபத்து ஆரம்பம், சிங்கப்பூர்ல சராசரியே 82, வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல மழை, பாலம் தாண்டினா மட்டும் காத்து மாறிடப் போறதில்ல.

இடையில ஒண்ணு சொல்லணும். தம்பி வீட்டுல "சனிக்கிழமை இரும்பு வாங்காதே"ன்னு பாட்டி தடுக்கிறாங்களாம், அதனால பேட்ச் போட வேண்டிய தகடு ரெண்டு மாசமா வரல, ஏன்னா இவருக்கு லீவே சனிக்கிழமைதான். பாட்டி மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா அந்தச் சேத்துக்கு அடியில எலக்ட்ரான் சனிக்கிழமையும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, தயவுசெஞ்சு வாங்கிடுங்க. இன்னொரு ஆதங்கம், அரிப்பால உலகத்துக்கு ஆகுற நஷ்டம் 2013 கணக்குல 2.5 டிரில்லியன் அமெரிக்க டாலர், உலக உற்பத்தியில 3.4 சதவீதம். பளிச்சுனு பேர் வாங்கித் தர்ற துறைக்கெல்லாம் காசு கொட்டுற நாம, ஒரு சொட்டுத் தண்ணியைப் பார்த்துக்கிட்டு உட்காரப்போற ஒரு பிள்ளைக்கும் ஆராய்ச்சிப் பணம் கொடுக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

சரி, வேலை. சேஸி முழுக்கச் சின்ன சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க, கணீர்னு கேட்டா நல்ல இரும்பு, மொத்துன்னு கேட்டா உள்ள இல்ல. பின்பக்கக் கடைசி குறுக்குச் சட்டத்தையும் பல்க்ஹெட்ல கால் வைக்கிற இடத்தையும் விடாதீங்க. சேத்தை முழுசா கழுவி எடுக்காம மேல பெயின்ட் அடிச்சா, நீங்களே சொட்டோட நடுவை மூடி வைக்கிறீங்க. கழட்டின சின்ன பாகங்கள்ல துருவை எடுக்க வாஷிங் சோடா கரைச்ச தண்ணி, 12 வோல்ட் சார்ஜர், துருப்பிடிச்ச பாகத்துக்கு மைனஸ், பழைய இரும்புத் தகடுக்கு பிளஸ். ஹைட்ரஜன் வரும், அதனால திறந்த வெளியில பண்ணுங்க, பக்கத்துல நெருப்பு கூடாது, பிளஸ்ல எவர்சில்வர் போடாதீங்க, விஷமான குரோமியம் கரையும். அலுமினிய பாகத்தை அதுல முக்கவே முக்காதீங்க, காரம் தின்னுடும்.

அப்கிரேடுன்னு ஒண்ணே ஒண்ணுதான் பண்ண முடியும்னா, பெரிய டயர், வின்ச் எல்லாம் அப்புறம், முதல்ல வெல்டிங் முடிச்ச சேஸிக்குத் துத்தநாகக் குளியல், அதாவது உருகின துத்தநாகத்துல முக்கி எடுக்கிறது. இரும்பைவிட எலக்ட்ரானைச் சுலபமா விடுற உலோகம் துத்தநாகம், கீறல் விழுந்தாலும் அது கரைஞ்சு இரும்பைக் கரைய விடாமப் பார்த்துக்கும், கப்பலடியில நாங்க போல்ட் போட்டு மாட்டுற துத்தநாகக் கட்டியும் இதே வேலைதான். குளியல் சுமார் 450 டிகிரி, பெட்டிக்குள்ள ஒரு கரண்டித் தண்ணி மாட்டிக்கிட்டாலும் நீராவியாகி வெடிச்சுடும், அதனால அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அறைக்கும் மேலயும் கீழயும் துளை போட்டே ஆகணும். வண்டி வீட்டுக்கு வந்ததும் அந்தத் துளைகளை அடைச்சுடாதீங்க தம்பி, மழைத்தண்ணி வடியறதும் காத்து உள்ள போறதும் அது வழியாத்தான்.