நாக்குக்கும் நேரம் பிடிக்கும்

கோலாலம்பூரில் உளவியல் மாணவர்களின் ஆய்வுகளை மேற்பார்வை செய்வது என் வேலை. ஒருநாள் ஒரு மாணவி தாள்கட்டோடு வந்து உட்கார்ந்தார். தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் எண்களை வரிசையாக வாசித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறார். நம் பிள்ளைகள் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள்.

“சார், தமிழ்ப் பிள்ளைங்களுக்கு ஞாபகசக்தி குறைவுன்னா எழுதுறது?” முகம் வாடிவிட்டது.

“எழுதுறது இருக்கட்டும்மா. ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் வேகமா சொல்லுங்க.”

வெளியே காத்திருந்த சீனத் தோழியையும் கூப்பிட்டு, இருவரையும் ஒன்றாகத் தொடங்கச் சொன்னேன். தோழி மாண்டரினில் ஒன்பதை முடித்துவிட்டுச் சிரித்தார். இவர் ஏழில் இருந்தார்.

மாண்டரினில் ஒவ்வோர் எண்ணும் வாயை ஒருமுறை திறந்தால் முடிந்தது. நம் ‘நாலு’, ‘ஏழு’ அப்படியல்ல. ‘ஒம்பது’ இன்னும் நீளம். மாத்திரைக் கணக்கு படித்த நமக்கு இது புதிதா என்ன? கேட்டதை மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தான் சற்று நேரம் பிடித்து வைக்கிறோம். ஏறக்குறைய 2 விநாடிக்குள் சொல்ல முடிகிற அளவுதான் நிற்கும் என்று 1975இலேயே பேடலி என்ற உளவியலாளரின் குழுவினர் காட்டினார்கள். 1980இல் எல்லிஸும் ஹென்னலியும் வேல்ஸ் மொழி, ஆங்கிலம் இரண்டும் தெரிந்தவர்களைச் சோதித்தார்கள். ஆள் அதே ஆள்தான். ஆனால் வேல்ஸ் மொழியில் நினைவில் நின்ற எண்கள் குறைவு, அந்த எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிப்பதால்.

போதாக்குறைக்கு, மாணவி ‘இரண்டு, ஐந்து’ என்று பாடப்புத்தகத் தமிழில் வாசித்திருக்கிறார். பிள்ளை வீட்டில் கேட்பது ‘ரெண்டு, அஞ்சு’. அம்மாவின் போன் நம்பரைக் கேட்டால் அதுவே ஆங்கிலத்தில்தான் சொல்லும்! கடைசியில் எண்களையே விட்டுவிட்டு, கட்டைகளை வரிசையாகத் தொட்டுக்காட்டும் சோதனைக்கு மாறினோம்.

நாம் கையிலெடுக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை வேறு ஊருக்குத் தைத்த சட்டை. முன்னணி உளவியல் ஆய்விதழ்கள் சிலவற்றை ஆர்னெட் என்ற ஆய்வாளர் 2008இல் அலசியபோது, பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாட்டவர். உலக மக்களில் அந்நாடுகளின் பங்கோ 12 விழுக்காடு. குழந்தைகளின் தன்னடக்கத்தை அளக்க உளவியலாளர் வால்டர் மிஷெல் நடத்திய புகழ்பெற்ற மார்ஷ்மெல்லோ சோதனையையே எடுங்கள். மார்ஷ்மெல்லோ என்பது பஞ்சுபோன்ற ஒரு மிட்டாய். ஒன்றை உடனே தின்னலாம், காத்திருந்தால் இரண்டு. இங்கே முதல் சிக்கல், அந்த மிட்டாயில் சேரும், விலங்கிலிருந்து எடுக்கிற ஜெலட்டின்: பன்றியா மாடா என்று மலாய்ப் பெற்றோர் கேட்பார்கள், சைவ வீட்டுப் பிள்ளை தொடவே தொடாது. சரி, பலகாரம் வைக்கலாம். ஆனால் பெரியவர் வரும்வரை கைவைக்கக் கூடாது என்று வளர்ந்த குழந்தை காத்திருந்தால், அது தன்னடக்கமா, பழக்கமா? 2022இல் வெளியான ஆய்வொன்றில் ஜப்பானியக் குழந்தைகள் உணவுக்கும் அமெரிக்கக் குழந்தைகள் பொட்டலம் கட்டிய பரிசுக்கும் அதிக நேரம் காத்திருந்தார்கள். அவரவர் வீட்டுப் பழக்கம் அப்படி.

மொழிபெயர்ப்பில் நானே சறுக்கியிருக்கிறேன். மனநலக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கி, இன்னொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்த்தோம். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? இருவரும் ஒரே புத்தகங்களைப் படித்தவர்கள். அப்புறம் தோட்டத்திலிருந்து செந்தூலுக்குக் குடிவந்த ஒரு பாட்டியிடம் அதைக் கொண்டுபோனேன்.

“மனச்சோர்வு இருக்காம்மா?”

“சோர்வா? அதெல்லாம் இல்ல தம்பி, வீட்டு வேலையெல்லாம் நான்தானே பாக்குறேன். ராத்திரிதான் தூக்கம் வர்றதில்ல. நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரியே இருக்கு. சோறு இறங்கல. அது கெடக்கு, நீங்க பசியாறிட்டீங்களா?”

தாளில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே கோடு போட்டிருந்தேன்.