கோர்ட்யார்ட்: உள்முற்றம்

‘கோர்ட்யார்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் ‘தோட்டம்’ என்றோ ‘கொல்லை’ என்றோ பெயர்த்தால் பொருள் நழுவிவிடும். சுற்றிலும் சுவரோ வீட்டின் பகுதிகளோ சூழ்ந்திருக்க, மேலே வானம் திறந்திருக்கும் வெளியையே அது குறிக்கும்.

முற்பகுதியான ‘கோர்ட்’, அடைத்த வெளியைக் குறித்த ‘கோஹோர்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பிற்பகுதியான ‘யார்ட்’, வேலியிட்ட இடத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். இரண்டுக்கும், தோட்டத்தைக் குறிக்கும் ‘கார்டன்’ என்பதற்கும் அடைத்தல் என்னும் ஒரே வேர். நீதிமன்றத்தைக் குறிக்கும் ‘கோர்ட்’டும் இதுவே, ஊர்ப் பொதுவெளியாக இருந்த நம் ‘மன்றம்’ நீதிமன்றமானதும் ஏறத்தாழ இதே கதைதான்.

இச்சொல்லின் முழுப்பொருளையும் கண்ணால் காண விரும்புவோர் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஹாடன்ஹாம் கிராமத்திற்குச் செல்லலாம். கட்டடக் கலைஞர் பீட்டர் ஆல்டிங்டனும் அவர் மனைவி மார்கரெட்டும் 1960களில் அங்கே மூன்று நவீனத்துவ வீடுகளைப் பெரும்பகுதி தம் கைகளாலேயே கட்டினர். நின்றிருந்த மரங்களுக்கு இடம்விட்டு, சுண்ணாம்புக் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்தெழுப்பும் ‘விச்சர்ட்’ என்னும் அவ்வூர் மண்சுவர்களோடு இசைய அவை அமைந்தன. அவற்றுள் அவர்கள் தமக்கெனக் கட்டிய ‘டர்ன் எண்ட்’ வீட்டின் நடுவே சிறு குளத்தோடு ஒரு வெளி இருக்கிறது. அறைக்கும் அதற்கும் இடையே கண்ணாடி மட்டுமே. அறைக்குள் அமர்ந்தவர்க்குக் குளத்து நீரும் அதன் ஓரத்துச் செடிகளும் அறையின் தொடர்ச்சியாகவே தோன்றும். வீட்டைக் கட்டி முடித்தபின் மிஞ்சிய நிலத்தில் தோட்டம் போட்டதாக அங்கே எவரும் சொல்ல முடியாது.

தமிழில் இதற்கு ‘முன்றில்’ பொருந்தாது. ‘இல்முன்’ என்பதே முன்பின்னாக மாறி முன்றில் ஆயிற்று என்று இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டுவர், ஆகவே அது வீட்டின் முன்புறத்தையே சுட்டும். ‘படப்பை’ மனையை அடுத்த தோட்டத்திற்குரிய அழகான பழஞ்சொல். டர்ன் எண்டின் வெளித்தோட்டத்தை அப்படி அழைக்கலாம். ‘முற்றம்’ முன்புற வெளியையும் வீட்டினுள் திறந்த வெளியையும் ஒருங்கே குறிப்பதால், குழப்பம் நேராதிருக்க ‘உள்முற்றம்’ என்று எழுதுவதே தக்கது: ‘கண்ணாடிக் கதவைத் திறந்து உள்முற்றத்துக் குளக்கரைக்கு வந்தோம்.’