காய்ச்சல் விட்டதும் ஹாட் யோகாவா? கொஞ்சம் பொறுங்கள், அக்கா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் பிசியோதெரப்பி நிலையம் நடத்துகிறேன். கீழே சாப்பாட்டுக் கடை. காலை பத்து மணிக்கெல்லாம் மீன் குழம்பு வாசனை மாடிப்படி ஏறிவிடும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் செம்பனைக் குலை தூக்கி இடுப்புப் பிடித்தவர்கள், மீதிப் பேர் முட்டிவலிக்காரர்கள். யோகாவால் அவதி என்று ஒருவர் படியேறி வந்தது எனக்கே புதுசுதான்.

அவர் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். வயது நாற்பதைத் தாண்டியவர், தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். அவருடைய அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரர். இவர் ஈப்போவில் ஒரு ஹாட் யோகா (சூடாக்கிய அறையில் செய்யும் யோகா) வகுப்புக்கு வாரம் மூன்று முறை, இரண்டு வருடம் விடாமல் போனவர். அப்புறம் ஐந்தே மாதத்தில் இன்ஃப்ளுவென்சா, டிங்கி, அது முடிந்து மூன்று வாரம் விடாத நெஞ்சுச் சளி. ஒவ்வொன்றும் ஓய்ந்த அடுத்த வாரமே பாயைச் சுருட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பியிருக்கிறார். மூன்றாவது தடவை, வகுப்பு முடிந்து காரோட்டி வரும்போது செம்மோர் பக்கம் கண் இருட்டிவிட்டது. பெட்ரோல் நிலையத்தில் வண்டியை ஒதுக்கி, கணவருக்குப் போன் போட்டு, அவர் வரும்வரை ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்திருக்கிறார். அதன் பிறகு இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு).

"எல்லா ஆசனமும் பண்ணேன் தம்பி. ஒன்னுகூட விடல. அப்புறம் ஏன் இப்படி?"

எல்லா ஆசனமும் வந்ததுதான் அங்கே சிக்கலே. சில வாரம் படுத்து எழுந்தாலும் உடம்பின் வளைவு பெரிதாகக் குறைவதில்லை. குனிந்தால் கை காலைத் தொடுகிறது, அர்த்த சந்திராசனத்தில் இடுப்பு பழையபடி சாய்கிறது. 'சரி, பழைய நிலைக்கு வந்துவிட்டேன்' என்று மனசு நம்பிவிடும். ஆனால் நோயில் சீக்கிரம் போவது வேறு இரண்டு: இதயத்தின் தெம்பும், சூட்டைத் தாங்கும் பழக்கமும். இரண்டும் கண்ணாடியில் தெரியாது.

1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். உடல் உச்ச உழைப்பில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்வாசிக்கும் மேல் குறைந்துபோனது. அவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லை, சும்மா படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். படுத்தே இருந்தால் ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி குறைகிறது. இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தமும் குறைகிறது. அந்த நிலையில் சூடான அறைக்குள் நுழைந்தால், உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடும். நின்று செய்யும் ஆசனங்களில் கொஞ்சம் காலில் தேங்கும். மூளைக்குப் போய்ச்சேர மிச்சம் எவ்வளவு இருக்கும்?

சூடு என்றால் எவ்வளவு சூடு? பிக்ரம் முறை வகுப்பில் 26 ஆசனங்கள், இரண்டு மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடம், அறை வெப்பம் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ். மற்ற ஹாட் யோகா வகுப்புகளில் இது கொஞ்சம் கூடும் குறையும். ஒப்பிட்டுப் பாருங்கள்: பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் பதிவான 40.1 டிகிரிதான் நம் நாட்டின் வெயில் சாதனை. நம் வானிலை ஆய்வுத் துறை 35 டிகிரி மூன்று நாள் தொடர்ந்தாலே எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளை வெளியே விளையாட விடமாட்டோம். நாம் மட்டும் காசு கொடுத்து சுப்பிங் வெயிலில் ஒற்றைக் காலில் நிற்கிறோம்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. பழகிய உடம்பு அதைத் தாங்கும். சூட்டில் படிப்படியாக ஒன்றிரண்டு வாரம் உழைத்தால் உடம்பு சீக்கிரமே வியர்க்கக் கற்றுக்கொள்கிறது, வியர்வையில் உப்பைக் குறைத்துக்கொள்கிறது, ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் கூட்டிக்கொள்கிறது. ஆனால் இந்தப் பழக்கம் சில வாரம் விட்டாலே கரைந்துவிடும்.

"தோட்டத்துல பொறந்த உடம்பு, வெயில் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் நிறைய. வெயில் தாங்கும் பழக்கம் தாய்வழிச் சொத்து இல்லை. அம்மா மரத்துக்கு மரம் நடந்தார், மகள் எட்டு மணி நேரம் ஏர்கோனில் கணக்கு எழுதுகிறார்.

இன்னொரு நம்பிக்கை, வியர்த்துக் கொட்டினால் மிச்சமிருக்கும் நோயும் நச்சும் போய்விடும் என்பது. வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. நனைந்த துண்டைப் படம் எடுத்து வாட்சப்பில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். மூடிய அறையில் இருபது பேர் வியர்த்தால் காற்றில் ஈரம் ஏறி, வியர்வை ஆவியாகாமல் சொட்டும். தரையில் சொட்டிய வியர்வை யாரையும் குளிர வைப்பதில்லை.

டிங்கி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் காய்ச்சலில் 'விட்டுவிட்டது' என்ற சொல்லே ஆபத்து. பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். சிலருக்கு அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய அசதி, இதில் எது வந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் கட்டம் கடந்து, குறைந்திருந்த ரத்தத் தட்டணுக்கள் மறுபடி ஏறிய பிறகும் அசதி பல வாரம் இருக்கலாம். தட்டணுக்கள் சரியாகிவிட்டன என்பதற்கு நீங்கள் பயிற்சிக்குத் தயார் என்று அர்த்தமில்லை.

காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி இருக்கும்போது எந்த யோகாவும் வேண்டாம், சூடான அறையானாலும் சாதாரண அறையானாலும் சரி. வெறும் மூக்கொழுகல் என்றால் வீட்டில் மெதுவாகச் செய்யலாம். சில வைரஸ் தொற்றுகள் இதயத் தசையிலும் வீக்கத்தை உண்டாக்கும். நோய்க்குப் பிறகு நெஞ்சு வலி, படபடப்பு, படியேறினால் முன்பில்லாத மூச்சுத் திணறல் இருந்தால், என்னிடம் வருவதற்கு முன் மருத்துவரிடம் போய் ஈசிஜி எடுத்துவிட்டு வாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சரி, அந்த அக்காவுக்கு என்ன செய்தோம்? அவர் 'எப்போது திரும்பலாம்?' என்று கேட்டார். நான் 'ஏன் திரும்பத் திரும்ப விழுகிறீர்கள்?' என்று கேட்டேன். டிங்கி கொசுவால் வந்தது, அதை யோகாவின் மேல் போட முடியாது. ஆனால் ஐந்து மாதத்தில் மூன்று தொற்று, அதில் ஒன்று மூன்று வாரம் இழுத்தது என்றால் ஒரு ரத்தப் பரிசோதனையாவது வேண்டாமா? அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.4 என்று வந்தது. அவருக்கு நீரிழிவு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தொற்றுகள் எளிதாக வரும், போகவும் நாளாகும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எனக்கு அந்த முடிவு ஆச்சரியம் தரவில்லை, அவர்தான் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து தொடங்கி, மருத்துவர் சரி என்ற பிறகு, நடையில் ஆரம்பித்தோம். குடியிருப்புத் தாமானைச் சுற்றி மாலையில் இருபது நிமிடம். காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன், நாடித்துடிப்பை எண்ணி ஒரு பழைய பற்றுவரவுப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். கிராணி ஆயிற்றே, கோடு போட்டு அழகாக எழுதினார். வழக்கத்தைவிடப் பத்து துடிப்பு கூடியிருந்தால் அன்று ஓய்வு. அப்புறம் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே யோகா, முதலில் தரையில் செய்யும் ஆசனங்கள் மட்டும். உஷ்ட்ராசனம் போல் தலை பின்னால் சாயும் ஆசனங்களைக் கடைசிக்குத் தள்ளினோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்டலாம்: நேரத்தைக் கூட்டினால் சூட்டைக் கூட்டக் கூடாது.

அவருக்கு இது பொறுக்கவில்லை. அன்று நன்றாக இருந்தால் அடுத்த நாளும் செய்துவிடுவார். நோய்க்குப் பிறகு வரும் அசதி சில நேரம் அன்றைக்கே தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து சாய்க்கும். எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் அவர் அம்மா எப்படிப் பால் வெட்டினார் என்று கேட்டேன். "ஒருநாள் விட்டு ஒருநாள்" என்றார். தினமும் வெட்டினால்? "பட்டை காஞ்சிடும், பால் நின்னுடும்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அதன் பிறகு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாவது வாரம்தான் சூடான அறை. முதல் நாள் இருபது நிமிடம், பாய் கதவோரம், தலை லேசாகச் சுற்றினாலே உட்கார்ந்துவிட வேண்டும், கணவர் கார் ஓட்ட வேண்டும். முன்பெல்லாம் பயத்தில் இரண்டு மூன்று லிட்டர் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவாராம். அதுவும் தப்பு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அதற்குப் பதில் எடை பார்க்கச் சொன்னேன்: வகுப்புக்கு முன்னும் பின்னும், ஈரத் துணியை மாற்றிவிட்டு. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அன்றைய வகுப்பு அதிகம். ஹண்ட்ரட் பிளஸ் பானம் குடிக்கலாமா என்றார். நீரிழிவுக்காரர் அதில் உள்ள சர்க்கரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருந்து விஷயமும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், சளிக்குத் தூக்கம் வரும் மாத்திரை போடுகிறவர்கள் எல்லாரும் மருத்துவரைக் கேட்காமல் சூடான அறைக்குள் போகாதீர்கள். சூட்டில் இன்சுலின் வேகமாக ரத்தத்தில் சேர்ந்து சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வகுப்பில் யாராவது பேச்சுக் குழறி, குழம்பி நின்றால் வெறும் மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். வெளியே தூக்கி வந்து, உடம்பின் மேல் தண்ணீர் ஊற்றி, விசிறி, 999-ஐ அழையுங்கள்.

போன சனிக்கிழமை மதியம் வாட்சப்பில் பற்றுவரவுப் புத்தகத்தின் படம் வந்தது. நாடி 68. எடை முன் 58.4, பின் 57.7. நேரம் 45 நிமிடம். அதற்குக் கீழே ஒரு வரி: "இன்னமும் கதவோரம்தான் தம்பி, நடுவுல இடம் இருந்துச்சு, போகல."